சைக்கிள் கேள்வி-பதில்: ரயில் போன தடம், கழுதை நடந்த கரை

கேள்வி: அக்கா, எனக்கு 48 வயது. கார்களுக்குப் பயந்தே சைக்கிளை கராஜில் தொங்கவிட்டுவிட்டேன். பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் வரை ஆற்றோரமாகவே, வண்டி வாகனம் இல்லாமல் ஓட்டிப் போகலாம் என்கிறான் என் மகன். கதை விடுகிறானா?
– வாசகி, வர்ஜீனியா

பதில்: பையன் சொல்வது உண்மைதான். ஆனால் அது ஒரு பாதை இல்லை, இரண்டு. பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லாண்ட் வரை 150 மைல், 'கிரேட் அலிகேனி பாசேஜ்'. அங்கிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதி வரை 184.5 மைல், 'சி அண்ட் ஓ' (செசபீக்-ஒஹாயோ) கால்வாய்க் கரை. ஊர்களுக்குள் தெருவைக் கடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் யாக்கிகேனி, காசல்மன், பொடோமக் என்று ஏதாவது ஓர் ஆறு கூடவே வரும். (யாக்கிகேனியை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து வாய்விட்டுப் படித்துவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக 'யாக்' என்பார்கள்.)

முதல் பாதை ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, பொடித்த சுண்ணாம்புக்கல்லைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். 1986-ல் ஒஹாயோபைல் பக்கம் சில மைல்களில் தொடங்கிய வேலை, 2013-ல்தான் பிட்ஸ்பர்க் நகருக்குள் போய் முடிந்தது. இரண்டாவது, கால்வாய்ப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த கரை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கால்வாய்க் கரையில் கார் இல்லாததற்கு ஒரு நீதிபதியும் காரணம். 1950-களில் இந்தக் கரையோரம் கார்ச் சாலை போடத் திட்டம் இருந்தது. அதை ஆதரித்து ஒரு நாளிதழ் தலையங்கம் எழுத, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் 'என்னோடு வந்து நடந்து பாருங்கள்' என்று சவால் விட்டார். 1954 மார்ச்சில் முழு 184.5 மைலையும் நடந்தும் காட்டினார். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-ல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

கேள்வி: எந்தப் பக்கமிருந்து கிளம்பினால் மூச்சு வாங்காது?
– வாசகர், நியூஜெர்சி

பதில்: பிட்ஸ்பர்க்கிலிருந்து. மேயர்ஸ்டேலுக்கும் ஃப்ராஸ்ட்பர்க்குக்கும் நடுவே, கம்பர்லாண்டிலிருந்து 24-வது மைல் வாக்கில், கிழக்குக் கண்ட நீர்ப்பிரிமேடு இருக்கிறது. உயரம் 2,392 அடி. அதற்கு ஒரு பக்கம் விழும் மழை பொடோமக்குக்குப் போகும். மறுபக்கம் விழுவது மிசிசிப்பிக்கு. பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தால் இந்த ஏற்றம் 125 மைலுக்கு மேல் பரவிக் கிடக்கிறது. ஏறுகிறோம் என்பதே தெரியாது. கம்பர்லாண்டிலிருந்து வந்தால் அதை 24 மைலில் ஏறி முடிக்க வேண்டும். அதுவும் செங்குத்து இல்லை, சாய்வு இரண்டு சதவீதத்தைத் தொடாது; ரயில் எஞ்சின் அதற்கு மேல் திணறும். ஆனால் பாரம் கட்டிய சைக்கிளில் மூன்று மணி நேரம் ஓயாமல் மிதித்துப் பாருங்கள், சதவீதக் கணக்கு மறந்துபோகும்.

கால்வாய்ப் பக்கம் வேறு கதை. 605 அடி உயரத்தை 74 லாக்குகள், அதாவது படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள், பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எட்டடி சொச்சம். லாக் வந்தால் சட்டென்று ஒரு சின்னச் சறுக்கல், பிறகு அடுத்த லாக் வரை தரை தண்ணீர் மட்டம்.

கேள்வி: என் டயர் 32 மி.மீ. போதுமா, கிராவல் பைக் (ஜல்லிப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) வாங்கியே தீரவேண்டுமா?
– வாசகர், மேரிலாண்ட்

பதில்: காய்ந்த நாளில் ரயில் தடத்துக்கு 32 தாராளம். கால்வாய்க் கரைக்கு 40-க்குக் குறையாமல் போடுங்கள். டயர் அகலமாக இருந்தால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். வேர் முண்டுகள் மணிக்கட்டை அடிக்காது. புது சைக்கிள் தேவையில்லை. உங்கள் ஃபோர்க்குக்குள் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) அந்த டயர் நுழைகிறதா, அதற்கு மேலும் விரல் நுழைய இடமிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்த விரல் இடைவெளியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மே மாதம், கிளம்புவதற்கு முன் ஒரு கடையில் புது மட்கார்டு மாட்டிக் கொடுத்தார்கள். அழகாக, டயரை ஒட்டினாற்போல. கால்வாய்க் கரையில் பா பா என்ற ஊரைத் தாண்டிப் பத்து மைல் போயிருப்பேன். முந்தின இரவு பெய்த மழையில் கரை களிமண்ணாகிக் கிடந்தது. சேறு இலையோடும் சுள்ளியோடும் மட்கார்டுக்குள் ஏறி, செங்கல் மாதிரி இறுகிவிட்டது. பின்சக்கரம் சுற்றவில்லை. உருட்டினால் சறுக்கிக்கொண்டு வருகிறது. சாப்பாட்டு ஸ்பூனால் தோண்டி எடுத்தேன். இருநூறு கஜம் போனால் மறுபடியும் அடைப்பு. நாலாவது தடவை மட்கார்டையே கழற்றிக் கேரியரில் கட்டிவிட்டேன். முதுகெல்லாம் சேற்றுக்கோடு. ஆனாலும் சக்கரம் சுற்றியது.

மழை பிடித்துக்கொண்டால் வழி இருக்கிறது. லிட்டில் ஆர்லீன்ஸ் பக்கமிருந்து பிக் பூல் வரை கால்வாய்க்கு இணையாக 'வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில் டிரெயில்' ஓடுகிறது. சுமார் 28 மைல், பெரும்பாலும் தார். கொள்கைப் பிடிப்பு எதுவும் வேண்டாம், அதில் ஏறிவிடுங்கள்.

கேள்வி: இரவு எங்கே தங்குவது? தண்ணீருக்கு என்ன செய்வது?
– வாசகி, பென்சில்வேனியா

பதில்: ரயில் தடம் ஊர்களைத் தொட்டுக்கொண்டே போவதால் விடுதி கிடைக்கும். கால்வாய்க் கரையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றே கூடார இடங்கள் சில மைல்களுக்கு ஒன்று உண்டு. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, ஓரிடத்தில் ஓர் இரவுதான். ஒரு மேசை, ஒரு கழிப்பறை, ஓர் அடிபம்பு. பம்புத் தண்ணீரில் அயோடின் சேர்த்திருப்பார்கள். ருசி பிடிக்காவிட்டால் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம், ராத்திரி முழுக்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில் ஊதும். காதுக்குப் பஞ்சு எடுத்துப்போங்கள்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். கூட 11 வயது மகள். எதைப் பார்ப்பது?
– வாசகர், மேரிலாண்ட்

பதில்: கம்பர்லாண்டில் காரை நிறுத்துங்கள். அங்கிருந்து ஃப்ராஸ்ட்பர்க் போகும் சுற்றுலா ரயிலில் சைக்கிளை ஏற்றலாம். ஓடும் நாள் பார்த்துச் சீட்டு வாங்குங்கள். 16 மைல் ஏற்றத்தை ரயில் பார்த்துக்கொள்ளும். ஃப்ராஸ்ட்பர்க்கிலிருந்து 8 மைல் மேலே மிதித்தால் மேரிலாண்டையும் பென்சில்வேனியாவையும் பிரிக்கும் மேசன்-டிக்சன் எல்லைக்கோடு, பிக் சாவேஜ் சுரங்கம், நீர்ப்பிரிமேடு மூன்றும் வரிசையாக வந்துவிடும். சுரங்கம் 3,294 அடி, உள்ளே விளக்கு உண்டு. குளிர்காலத்தில் கதவு போட்டு மூடிவிடுவார்கள். சுரங்கத்தின் தென்வாயில் நின்று மலைகளைப் பாருங்கள். மகள் போதும் என்று சொல்கிற வரை கிளப்பாதீர்கள். பிறகு 24 மைல் இறக்கம்; பிரேக் கட்டைகளை மட்டும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கால்வாய்ப் பாதையில் வரும் பா பா சுரங்கத்துக்குள் சைக்கிள் ஓட்டலாமா? பெல் கட்டாயமாமே?
– வாசகர், டெலவேர்

பதில்: ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிப் போகவேண்டும். 3,118 அடி, விளக்கே கிடையாது, டார்ச் அவசியம். 1836-ல் தொடங்கி 1850-ல் முடித்த சுரங்கம் அது. பாதை ஒடுக்கம், பக்கத்திலேயே கால்வாய்த் தண்ணீர், நடுவில் ஒரு மரக் கைப்பிடி. அந்தக் கைப்பிடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். படகுக் கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த பள்ளங்கள் விரல் பதிகிற ஆழத்துக்கு இருக்கும். பெல் கட்டாயம்தான். வேகம் மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக் கூடாது. எதிரே கோவேறு கழுதை வந்தால் நின்று வழி விடவேண்டும். சிரிக்காதீர்கள், விதியிலேயே இருக்கிறது.