தம்பி பணம், அண்ணன் பெயர்

கேள்வி: தாம்பரம் பக்கம் மூன்று போர்ஷன் உள்ள வீடு ஒன்று விலைக்கு வருகிறது. மூன்றிலும் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள், தலா 12,000 ரூபாய் வாடகை. நான் திருச்சியில், தம்பி துபாயில். பணத்தில் 60 சதவீதம் என்னுடையது, 40 அவனுடையது. "அவன் அலைய வேண்டாம், உன் பெயரிலேயே பத்திரம் போடு" என்கிறார் அப்பா. நண்பரோ, கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

அப்பா சொல்வது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் தம்பி பணம் போட்டு, பத்திரத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் பினாமி சட்டம் குறுக்கே வரும். மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்கச் சட்டம் விலக்கு தருகிறது. உடன்பிறந்தவர் விஷயத்தில், ஆவணத்தில் இருவர் பெயரும் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் அந்த விலக்கு.

கம்பெனி? மூன்று போர்ஷனுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. வருடா வருடம் தணிக்கை, அரசுக்குத் தாக்கல், லாபத்துக்கு வரி. அந்த லாபத்தை டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்கான லாபப் பங்காக, உங்கள் கைக்கு எடுத்தால் அப்போதும் வரி.

கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் வரட்டும். "60, 40" என்ற பங்கையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டு, யார் எவ்வளவு போட்டார் என்பதற்கும் ஆதாரம் இல்லாவிட்டால் சமபங்கு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே விற்பவருக்குப் பணம் போகட்டும். தம்பி நேரில் வரவேண்டியதில்லை, தன் சார்பில் கையெழுத்திட இங்குள்ள ஒருவருக்குப் பவர் பத்திரம் கொடுத்தால் போதும். துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பட்டும். அந்தப் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

பங்கு தெளிவாக இருந்தால் வரியும் தனித்தனி. ஆண்டு வாடகை 4,32,000. நீங்கள் கட்டிய சொத்து வரி 12,000 என்று வைத்துக்கொள்வோம், மீதி 4,20,000. அதில் வருமான வரிச் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு போக, வரிக்கு உட்படுவது 2,94,000. உங்கள் பங்கு 1,76,400, தம்பிக்கு 1,17,600. வீட்டுக்கடன் வட்டி இருந்தால் இன்னும் குறையும்.

சிக்கல் எங்கே என்றால், வெளிநாடுவாழ் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு சிறிதானாலும், டிடிஎஸ் பிடிக்க வேண்டும், அதாவது வரியைக் கழித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். ஒரு போர்ஷனில் தம்பியின் பங்கு 4,800, அதில் 31.2 சதவீதம், சுமார் 1,498 ரூபாய். வாடகை முழுவதும் உங்கள் கணக்குக்கு வந்தாலும் இந்தக் கடமை போகாது. பாவம், குடித்தனக்காரருக்கு இது தெரிந்திருக்காது. நீங்களே சொல்லிவிடுங்கள். தம்பிக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்றிதழும் வாங்கலாம். தம்பி பங்கு வாடகை அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) போகட்டும்.

அப்புறம், பழைய 11 மாத ஒப்பந்தத்தைக் காட்டி "எல்லாம் சரியாக இருக்கு" என்று விற்பவர் சொன்னால் அதோடு விடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். உங்கள் இருவர் பெயரிலும் புதிதாகப் போடுங்கள். மூன்று குடித்தனக்காரர்களும் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு என்று அவர்களையே நேரில் கேட்டு எழுதி வாங்குங்கள். நாளைக்கு அவர்கள் காலி செய்யும்போது கை நீட்டப்போவது உங்களிடம்தான்; அந்தத் தொகையைக் கிரய விலையில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.