பிரேக் மிதித்தால் நடுங்கும் கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குடும்பத்தோடு காரில் கொல்லிமலைக்குப் போய் வந்தோம். அதற்குச் சில வாரங்கள் கழித்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய்தாயிற்று, பலனில்லை. முன்பக்க பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) வளைந்துவிட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், ராசிபுரம்

பதில்: அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள். சக்கரத்தின் எடை சமமாக இல்லாவிட்டால், பிரேக்கைத் தொடாதபோதும் நடுக்கம் இருக்கும். உங்கள் காரில் மிதித்தால் மட்டுமே வருகிறது. ஆகவே பேலன்சிங்குக்கு இங்கே வேலையே இல்லை. நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிவதால் முன் சக்கரங்களைச் சந்தேகிப்பது சரிதான். இருக்கையில் மட்டும் தெரிந்திருந்தால் பின் சக்கரங்களின் பிரேக் டிரம்மைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று எல்லாப் பட்டறையிலும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கி, அடிவாரமான காரவள்ளியில் பெடலை அழுத்தியபடியே நின்றால், கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) பொருள் அந்த ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், கை அதை உணர்ந்துவிடும். அடுத்தடுத்து மிதிக்கும்போது அந்த இடமே அதிகம் சூடாகும். தேய்மானமும் சீராக இராது. நடுக்கம் சில வாரங்கள் கழித்துத் தலைகாட்டியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மெக்கானிக்கிடம் மைக்ரோமீட்டர் (தடிமனை நுட்பமாக அளக்கும் கருவி) இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். டிஸ்க்கின் விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்து எழுதச் சொல்லுங்கள். பிறகு டிஸ்க்கைக் கழற்றி, அது பொருந்தும் ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி) முகத்தை நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பழுப்பு நிறத் துருப் பொருக்கு ஒன்று அங்கே இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். விளிம்புக்குப் போகப் போக அந்தச் சாய்வு பெரிதாகும். ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடில் உரசி மெலியும். துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க் போட்டால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே நடுக்கத்தோடு திரும்பி வருவீர்கள். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு, டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்து டிஸ்க்கின் சாய்வையும் பார்க்க வேண்டும்.

பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ‘பின்’ (pin) கையால் தள்ளினால் நகர்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கன்னாபின்னாவென்று இறுக்க விடாதீர்கள். எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பானரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குவதே முறை. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தளர்ந்திருந்தால் சிறிய நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

இனி டிஸ்க்குக்கு வருவோம். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலான டிஸ்க்குகளிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மேற்பரப்பைச் சமமாகக் கடைந்த பிறகும் அதற்கு மேல் மிச்சம் இருக்குமானால் லேத்தில் கடைந்தாலே போதும். இல்லையென்றால் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் புது பேட் போடுங்கள். காலி சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, முழுவதும் நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பத்து முறை மிதமாக பிரேக் போட்டு அதைப் பழக்குங்கள். அடுத்த முறை மலை இறங்கும்போது இரண்டாவது கியர், செங்குத்தான இடத்தில் முதல் கியர். வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: மழையில் திடீரென்று அழுத்தி மிதித்தபோது, பெடல் தடதடவென்று காலை உதைத்தது. இதுவும் டிஸ்க் கோளாறா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை, அது ஏ.பி.எஸ். என்ற பிரேக் பாதுகாப்பு அமைப்பு வேலை செய்யும் அடையாளம். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் அது கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஆபத்திலிருந்து விலகலாம். காய்ந்த சாலையில் மெதுவாக மிதிக்கும்போதும் பெடல் துடித்தால், மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் உங்கள் காருக்கும் தேவை.