ஹர்ட், இஞ்சர், ஹார்ம்: எதை எங்கே சொல்வது?

தம்பி, ஹர்ட், இஞ்சர், ஹார்ம், டேமேஜ், வூண்ட் என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான் இருக்கிறது, இங்கிலாந்தில் டாக்டரிடமும் வேலையிடத்திலும் எதைச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பேச்சில் ஹர்ட் போதும். சின்ன வலி, பெரிய அடி, மனசு புண்படுவது எல்லாம் அதில் அடங்கிவிடும். 'மை நீ ஹர்ட்ஸ்' என்றால் முழங்கால் வலிக்கிறது, 'ஐ ஹர்ட் மை நீ' என்றால் முழங்காலில் அடிபட்டுவிட்டது. இறந்த காலத்திலும் அது ஹர்ட்தான், ஹர்ட்டெட் கிடையாது. நம்மவர்கள் சொல்லும் 'மை நீ இஸ் பெயினிங்' புரியாமல் போகாது, ஆனால் இங்கிலாந்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இஞ்சர் உடம்புக்கு உரியது, கொஞ்சம் கனமானது. விபத்து, விளையாட்டு, வேலையிடத்தில் வழுக்கி விழுவது, இதற்கெல்லாம் படிவத்தில் இஞ்சுரி என்று எழுதுங்கள். பஸ் விபத்தில் அடிபட்டவர்களை வூண்டட் என்றால் கேட்பவர் கத்தி, துப்பாக்கி என்று நினைத்துக்கொள்வார். ஆனால் ஆபரேஷன் தையல் போட்ட இடத்தை நர்ஸ் வூண்ட் என்றுதான் சொல்வார், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இங்கே தாக்குதல் வழக்குகளுக்கு 1861-ல் வந்த சட்டம்தான் இன்னும் நடக்கிறது, அதன்படி தோலின் எல்லா அடுக்கும் கிழிந்தால்தான் வூண்ட். எலும்பே முறிந்தாலும் தோல் கிழியாவிட்டால் அது வூண்ட் ஆகாது, ஹார்ம் என்ற தலைப்பில் போகும்.

டேமேஜ் காருக்கும் சுவருக்கும். உடம்பில் என்றால் நரம்பு, கல்லீரல் மாதிரி ஓர் உறுப்பைச் சொல்லலாம், ஆளையே டேமேஜ்ட் என்றால் மனசு உடைந்தவர் என்று ஆகிவிடும். டேமேஜஸ் என்று வக்கீல் கடிதத்தில் பார்த்தால் அது நஷ்டஈடு.

நீங்கள் ரொம்பக் கவனிக்க வேண்டியது ஹார்ம். டாக்டர் 'டிட் யூ ஹர்ட் யுவர்செல்ஃப்?' என்றால் அடி பட்டதா என்று கேட்கிறார். 'ஹாவ் யூ எவர் ஹார்ம்ட் யுவர்செல்ஃப்?' என்றால் வேண்டுமென்றே உங்களை நீங்களே காயப்படுத்திக்கொண்டீர்களா என்று கேட்கிறார். காய்கறி நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டதை நினைத்து அதற்கு எஸ் என்று சொன்னால் அடுத்த கேள்விகள் தற்கொலை எண்ணத்தைப் பற்றித்தான் வரும். குழந்தை விஷயத்திலும் அப்படித்தான். பிள்ளை விழுந்துவிட்டது என்றால் 'ஷீ ஃபெல் அண்ட் ஹர்ட் ஹெர் ஆர்ம்' என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், ஹார்ம் என்ற சொல்லே அங்கே வேண்டாம், பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தச் சொல்லைக் கேட்டால் யாரோ செய்தது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அதே சமயம், வந்த புதிதில் தனிமையில் உங்களுக்கு உண்மையாகவே உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் அதை டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள், உதவி செய்யத்தான் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லையா, 'தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்' என்று கேளுங்கள், என்ஹெச்எஸ்ஸில், அதாவது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையில், அதற்குக் காசு கிடையாது.