வீட்டை ஸ்கூல் ஆக்கிடாதீங்க அம்மிணி

பெருந்துறையில இருந்து கேட்டிருந்த அம்மிணிக்கு. வீட்டுக்காரருக்கு டல்லாஸ்ல வேலை, ஆடி கழிஞ்சதும் கெளம்பறீங்க, பையனுக்கு ஏழு, பொண்ணுக்கு அஞ்சு, ரெண்டு பேரையும் ஹோம்ஸ்கூல் பண்ணலாமா, அதாவது ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுலயே படிக்க வெக்கலாமா, அதோட சமையல், வீட்டு வேலை, சாமி கும்பிடறது எல்லாத்தையும் ஒட்டுக்கா எப்படி சமாளிக்கறது, என்ன கரிகுலம் (பாடத்திட்டப் புத்தகம்) வாங்கறது, வீடு எந்த ஏரியால பாக்கறது, ஊர்ல இருந்து என்னென்ன கட்டிட்டு வரணும்னு கேட்டிருக்கீங்க. ஏரியா எல்லாம் ஆபீஸ் எங்கன்னு பாத்து அவரே முடிவு பண்ணிக்குவாரு, அதை விடுங்க. மொளகாப்பொடியும் கொள்ளும் இங்கயே கெடைக்குது, பெட்டியை அதுல ரொப்பாதீங்க. நான் சொல்ல வர்றதெல்லாம் அந்த மொதக் கேள்விக்குத்தான்.

சட்டத்தை நெனச்சு வெசனப்படாதீங்க. டெக்சாஸ்ல வீட்டுல படிக்கற புள்ளைகளை தனியார் ஸ்கூல்ல படிக்கறவங்க கணக்குலதான் வெக்கறாங்க. அது சும்மா வந்துரல, இங்க பக்கத்துல ஆர்லிங்டன்ல லீப்பர்னு ஒரு குடும்பமும் இன்னும் சில பேரும் சேந்து பள்ளி நிர்வாகத்து மேல கேஸ் போட்டு, 1987ல கீழ்க்கோர்ட்டுல ஜெயிச்சு, 1994ல டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. வாசிப்பு, ஸ்பெல்லிங், கிராமர், கணக்கு, நல்ல குடிமகனா நடந்துக்கறது, இந்த அஞ்சையும் எழுத்துல இருக்கற ஒரு பாடத்திட்டம் வெச்சு நெசமா சொல்லிக் குடுக்கணும், அவ்வளவுதான். எங்கயும் பதிய வேண்டாம், ஸ்டேட் பரீட்சை கெடையாது, தெனம் இத்தனை மணி நேரம்னு கணக்கும் கெடையாது. செப்டம்பர் 1ந் தேதிக்கு ஆறு வயசு ஆன புள்ளைக்குத்தான் கட்டாயம். ஆனா ஒண்ணு, வந்ததும் பப்ளிக் ஸ்கூல்ல சேத்துட்டு பொறவு நிறுத்தறதா இருந்தா லெட்டர் குடுத்து வெலக்கிட்டு நிறுத்துங்க. சும்மா அனுப்பாம விட்டா ஆப்சென்ட் கணக்குல ஏறி வீட்டுக்கு நோட்டீஸ் வரும்.

நீங்க எழுதுனதுல எனக்கு உறுத்துனது ஒரு வரிதான். "ஸ்கூல்ல போட்டா நம்ம சாமி, நம்ம நோம்பி எல்லாம் மறந்துருமோன்னு பயமா இருக்குங்கக்கா"ன்னு போட்டிருந்தீங்க. இந்தப் பயத்துக்காக மட்டும் இதுல எறங்காதீங்க. டெக்சாஸ்ல சாமி நாளுக்குன்னு லீவு கேட்டா பப்ளிக் ஸ்கூல் குடுத்தே ஆகணும், கோயிலுக்குப் போக வர ஆகற நாளையும் சேத்து, சட்டத்துலயே இருக்கு. தைப்பூசம் செவ்வாக்கிழமை வந்தா செவ்வாக்கிழமையே கும்பிடலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. பல பேரு அந்த லீவைக் கேக்கறதே இல்ல, நோம்பியை சனிக்கிழமைக்குத் தள்ளி வெச்சுட்டு ஸ்கூலைக் குத்தம் சொல்றாங்க. இன்னொரு பக்கம், பயத்துல புள்ளைகளை வீட்டுக்குள்ளயே வெச்சு வளத்தவங்களையும் பாத்துட்டேன், சங்கத்து பொங்கல் விழாவுக்குக் கூட்டிட்டு வந்தா அந்தப் புள்ளை அம்மா துப்பட்டாவை விட்டு நகர மாட்டேங்குது, பாக்கவே மனசு கேக்கல.

நாங்க வீட்டுல வெச்சு படிக்க வெச்சதுக்குக் காரணமே வேற. நான் ஆறாவதுல இருந்து நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சவ. நம்ம பக்கம் அப்ப அதுதான் பெருமை, தோட்டத்துல மஞ்சள் வித்த காசு, மாடு வித்த காசெல்லாம் அந்த ஃபீசுக்குத்தான் போகும். விடியறதுக்கு முன்னாடி மணி அடிக்கும், ஸ்டடி, டெஸ்ட், மறுக்கா ஸ்டடி. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை அம்மா தூக்குப்போசியில அரிசிம்பருப்பு சாப்பாடு கொண்டாந்து புளியமரத்தடியில ஒக்காந்து ஊட்டும், நான் சாப்பிட்டுக்கிட்டே அடுத்த நாள் டெஸ்டுக்கு ஃபார்முலா மனப்பாடம் பண்ணுவேன். மார்க் வந்துச்சு, எஞ்சினியரிங் சீட்டும் வந்துச்சு, இல்லைங்கல. ஆனா எங்கப்பத்தா கச்சாயத்துக்கு எப்படி பாகு பாக்கும், பொங்கலுக்கு காப்புக் கட்டுற அன்னிக்கு பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பந்தழையும் எங்கெங்க சொருகும்னு கூட நின்னு பாக்கற வயசு பூரா நான் வீட்டுல இல்ல. அப்பத்தா போனதும் அதெல்லாம் அதோடவே போச்சு. அதனாலதான் எம்புள்ளைக சின்ன வயசுல எங்கூட வீட்டுல இருக்கட்டும்னு முடிவு பண்ணோம்.

அதே காரணத்துக்காகத்தான் சொல்றேன், அந்த ஹாஸ்டலை இங்க கொண்டாந்து வெச்சுறாதீங்க. நான் வந்த புதுசுல நம்மூர்க்காரங்க ஒருத்தங்க வீட்டுல பிரிட்ஜ் மேல டைம்டேபிள் ஒட்டியிருந்தாங்க, ஆறு மணிக்கு அபாகஸ், ஏழுக்கு ஸ்பெல்லிங் பீ லிஸ்ட், எட்டரைல இருந்து பாடம், சாயங்காலம் ரோபாட்டிக்ஸ், ராத்திரி ஸ்லோகம், ஒப்பிச்சா அரை மணி ஐபேட். புள்ளைக்கு வயசு ஏழு. நாமக்கல்லையே டைனிங் டேபிளுக்குக் கொண்டாந்துட்டாங்க, அதுல சாமியையும் ஒரு பீரியடா சேத்துட்டாங்க. எனக்கு இப்பவும் ஆறாத விசயம் அது. ஐபேடுக்கு ஒப்பிக்கற ஸ்லோகத்துல பக்தி எங்கிருந்துங்க வரும்?

எங்க வீட்டுல எப்படின்னா, வெயில் காலத்துல இங்க காத்தால எட்டு மணின்னா ஊர்ல சாயங்காலம் ஆறரை, அம்மா வெளக்குப் பத்த வெக்கற நேரம். போனை வெளக்குப் பக்கத்துல சாச்சு வெச்சுட்டு அம்மா திரி திரிக்கும், இங்க புள்ளைக குளிச்சு துண்ணூறு பூசிட்டு ஒக்காந்திருக்கும், ரெண்டு பக்கமும் ஒட்டுக்கா வெளக்கு எரியும். அம்மா சென்னிமலை முருகன் கோயில் கதை சொல்லும், 1320 படி, 1984ல மாட்டு வண்டி அந்தப் படியேறி மேல போன கதை. என் பொண்ணு பத்துப் பத்தா எண்ணக் கத்துக்கிட்டதே அந்தப் படிய எண்ணித்தான், பத்து, இருவது, முப்பதுன்னு 1320 வரைக்கும் ஹால்ல குதிச்சுக்கிட்டே போவா. தமிழ், கணக்கு, சாமி மூணும் ஒரே அரை மணியில முடிஞ்சுது, எதுக்கும் தனியா பீரியட் போடல.

பொறவு சமையக்கட்டு. ரெண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தொவரம்பருப்பு, இன்னிக்கு விருந்தாடி வர்றாங்க மூணு டம்ளர் அரிசி போடணும், அப்ப பருப்பு எவ்வளவுன்னு பையனைக் கேட்டேன். அவன் அரை டம்ளரைக் கொட்டிட்டு, அதே டம்ளர்ல கால்வாசி அளவுல வெரலை வெச்சு, "இவ்வளவு இன்னும் வேணும்மா"ன்னான். முக்கால்ங்கறது அவனுக்கு அங்கதான் வந்துச்சு, புத்தகத்துல அந்தப் பாடம் வந்தப்ப அவனுக்கு அது புதுசில்ல. உங்க புள்ளைக வயசுக்கு பேப்பரும் பென்சிலும் வெச்சு ஒக்காரறது ஒரு மணி, ஒன்றரை மணி போதும்ங்க. மிச்ச நேரம் துணி மடிக்கட்டும், வெங்காயம் உரிக்கட்டும், லைப்ரரிக்குப் போங்க, பார்க்குல ஓடட்டும். வீடு கலைஞ்சு கெடந்தா கெடக்கட்டும், யாரும் வந்து மார்க் போடப் போறதில்ல.

அடுத்தது ரொம்ப முக்கியம், கவனமா படிங்க. இங்க ஹோம்ஸ்கூல் பண்றதுல நெறைய பேரு கிறிஸ்தவக் குடும்பங்க, நல்லவங்க, ஒத்தாசை பண்றவங்க. ஆனா ஹோம்ஸ்கூல் குடும்பங்க ஒண்ணா சேந்து பாடம் நடத்தற கோஆப் பலதுல சேரணும்னா ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபெய்த்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேப்பாங்க, அதுல பைபிள்தான் சத்தியம், இதை நான் நம்பறேன்னு இருக்கும். எங்களுக்கும் ஒரு குரூப்ல அதைக் குடுத்தாங்க. நான் பூரா படிச்சுட்டு, உங்க நம்பிக்கையை நான் மதிக்கறேங்க, ஆனா எனக்கு இல்லாத நம்பிக்கையில கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லி திருப்பிக் குடுத்துட்டேன். அவங்க கோவிச்சுக்கவே இல்ல. என்கூட வந்த நம்மாளுக ஒருத்தங்க, "வெறும் பேப்பர்தானக்கா, புள்ளைக்கு ஃப்ரெண்ட்ஸ் வேணுமில்ல"ன்னு போட்டுட்டாங்க. பொறவு அந்தப் பையன் வீட்டுல பூஜை நடக்கறதை வெளிய சொல்லவே கூச்சப்பட ஆரம்பிச்சுட்டான். கையெழுத்துன்னா வாக்கு அம்மிணி, அவங்க சாமிக்கும் மரியாதை குடுக்கணும், நம்ம சாமிக்கும் குடுக்கணும். எல்லா மதத்துக்காரங்களும் சேர்ற செக்யூலர் குரூப்பு டல்லாஸ் பக்கம் இருக்கு, தேடுனா கெடைக்கும், எங்க புள்ளைக கூட்டாளியெல்லாம் தெலுங்கு, குஜராத்தி, மெக்சிகன்னு கலந்துதான். கரிகுலமும் அப்படித்தான், அபேகா, பாப் ஜோன்ஸ் மாதிரி பேரு பெத்ததெல்லாம் கிறிஸ்தவப் பாடத்திட்டம், சயின்ஸ் புத்தகத்துலயே படைப்புக் கதை வரும். அவங்க ஒளிச்சு வெக்கல, நாமதான் பாத்து வாங்கணும். கணக்குக்கு நாங்க சிங்கப்பூர் மேத் வெச்சோம், நல்லாயிருந்துச்சு.

நீங்க ஹெச்-4ல, அதாவது ஹெச்-1 விசாவுல வேலை பாக்கறவரோட குடும்பத்துக்குக் குடுக்கற விசாவுல, வருவீங்கன்னு நெனைக்கறேன். நம்ம புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, ஆனா பக்கத்து வீட்டுப் புள்ளையையும் சேத்துக்கிட்டு மாசம் இவ்வளவுன்னு காசு வாங்கிறாதீங்க. வொர்க் பெர்மிட் இல்லாம அது தப்பு, நாளைக்கு கிரீன் கார்டுல போயி நிக்கும். 2015ல இருந்து ஹெச்-4க்கு ஈஏடிங்கற அந்த வொர்க் பெர்மிட் குடுக்கறாங்க, ஆனா வீட்டுக்காரருக்கு கிரீன் கார்டுக்காக கம்பெனி போடற ஐ-140 மனு அப்ரூவ் ஆயிருக்கணும் இல்லாட்டி ஹெச்-1 ஆறு வருசம் தாண்டி நீட்டியிருக்கணும்.

இன்னொண்ணு, காரு ஓட்டக் கத்துக்காம ஹோம்ஸ்கூல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. நாங்க வந்து எறங்குனது நடு ஜூலை, அபார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி, வெளிய நூறு டிகிரிக்கு மேல. எதுத்தாப்புல ரோட்டுக்கு அக்கட்டால மளிகைக் கடை கண்ணுக்குத் தெரியும், ஆனா நடுவுல ஆறு லேன் ரோடு, நடக்கறதுக்கு பிளாட்பாரமே கெடையாது, கைப்புள்ளையை ஸ்ட்ரோலர்ல வெச்சுக்கிட்டு எங்க போறது. அவரு காத்தால போனா ராத்திரிதான் வருவாரு. பாலு தீந்து போச்சுன்னா அவரு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஊர்ல ஸ்கூட்டியில பெருந்துறைக்கும் ஈரோட்டுக்கும் பறந்தவ நான், இங்க பால்கனியில நின்னு காரு எண்ணிக்கிட்டிருந்தேன். அப்படி அடைஞ்சு கெடந்துக்கிட்டு புள்ளைகளுக்குப் பாடமும் எடுத்தா நமக்கு வர்ற கோவம் பூரா அதுக மேலதான் போகும். லைசென்ஸ் வாங்குன பொறவுதான் நாங்க ஹோம்ஸ்கூலே ஆரம்பிச்சோம், இன்னிக்கு ஐ-45 ஹைவேல நானே ஓட்டிக்கிட்டு ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்ட் மீனாட்சி கோயில் வரைக்கும் புள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன். வழியில பொட்டலம் கட்டுன புளிசாதம், பின்சீட்டுல ரெண்டும் ஊருப் பேரு போர்டைப் படிச்சுக்கிட்டே வரும்.

புள்ளைக படிச்சது எழுதுனது பேப்பரெல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சுக்கங்க, டெக்சாஸ் கேக்காட்டியும். ப்ராஜெக்ட் மாறி நியூயார்க் போனா வருசத் திட்டம், மூணு மாசத்துக்கொருக்கா ரிப்போர்ட்டு, வருசக் கடைசி மதிப்பீடுன்னு எல்லாம் கேப்பாங்க, பென்சில்வேனியாவுலயும் புள்ளை செஞ்ச வேலையைத் தொகுத்து போர்ட்ஃபோலியோன்னு காட்டணும். எங்க நாத்தனா குடும்பம் ஜெர்மனி போச்சு, அங்க ஹோம்ஸ்கூலுக்கே அனுமதி இல்ல. திரும்பி ஊருக்கே போறதா இருந்தா என்ஐஓஎஸ்ங்கற தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கு, மூணாவது, அஞ்சாவது, எட்டாவதுக்குச் சமமா அடிப்படைக் கல்வி வெச்சிருக்காங்க, பத்தாவதுல சேர 14 வயசு ஆகணும்.

பாடப் புத்தகத்தை வந்ததும் வாங்கிறாதீங்க, மொதல்ல லைப்ரரி கார்டு எடுங்க, காசில்லாம அள்ளிட்டு வரலாம், புள்ளைக எதுல மனசு வெக்குதுன்னு பாத்துட்டு வாங்கிக்கலாம். பெட்டியில எடம் இருந்தா நம்மூரு ஒண்ணாவது ரெண்டாவது தமிழ் புத்தகம் மட்டும் ஆளுக்கொரு செட்டு வெச்சுக்கங்க, ஒண்ணை வெச்சுக்கிட்டு ரெண்டும் அடிச்சுக்கும்.