புயல் சாய்த்த வேம்பின் முண்டு: பெரிய பூச்சாடியாகக் கடைய முடியுமா?

கேள்வி: எங்கள் கொல்லையில் இருந்த பழைய வேப்பமரம் இரண்டு மாதத்துக்கு முன் காற்றில் சாய்ந்துவிட்டது. அடிமரத்தில் புடைத்திருந்த பெரிய முண்டை மட்டும் விறகுக்குக் கொடுக்காமல் தனியாக அறுத்து வைத்திருக்கிறேன். அறுத்த பக்கம் சுமார் 2 அடி அகலம், கனம் ஒன்றரை அடி. 16 அங்குலம் வரை கடையக்கூடிய லேத் இருக்கிறது. கட்டில் கால், சின்னக் கிண்ணம் கடைந்து பழக்கம் உண்டு. இதை ஒரே துண்டில் பூச்சாடியாகக் கடைந்து பூ வைக்கலாமா? அறுத்த பக்கத்தில் மெல்லிய வெடிப்புகள் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. (பட்டுக்கோட்டைப் பக்கத்து வாசகர்)

பதில்: கடையலாம். ஆனால் லேத் பக்கம் போவதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அறுத்த பக்கம் முழுவதும் மெழுகு பூசுங்கள்.

மரத்தின் ஈரம் நார் அறுபட்ட முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். நேரான மரத்தில் இரண்டு முனைகளை அடைத்தால் போதும். முண்டில் நார் எல்லாத் திசையிலும் சுழன்று ஓடுவதால், எங்கே அறுத்தாலும் அங்கே முனைதான். சாதாரண மெழுகுவத்தி மெழுகே போதும். அதை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிநீர் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தூரிகையால் இரண்டு தடவை கனமாகப் பூசுங்கள். பட்டை இருக்கும் பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். அப்புறம் நிழலில், தரையில் படாமல் கட்டைமேல் வையுங்கள். மின்விசிறிக் காற்று படக் கூடாது.

அடுத்தது ஆணி. கொல்லை வேம்பென்றால் துணிக்கொடி கட்டிய ஆணி, ஊஞ்சல் கொக்கி, வேலிக் கம்பி என்று எதுவும் உள்ளே புதைந்திருக்கலாம். பல வருடம் வளர்ந்த மரம் அதை முழுசாக விழுங்கியிருக்கும். மெட்டல் டிடெக்டர் கிடைத்தால் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் அந்த இடத்தில் இரும்பு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இனி முக்கியமான முடிவு: சாடியின் வாய் எந்தப் பக்கம் வர வேண்டும்? முண்டு என்பது துளிர்க்காமல் அடங்கிப்போன நூற்றுக்கணக்கான மொட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்த கட்டி. அந்த மொட்டுகள் உள்ளிருந்து வெளிப்புறம் நோக்கி விரிந்து போகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டினால் வட்ட வட்டமாகக் கண்கள் தெரியும். நீளவாட்டில் வெட்டினால் வெறும் கோடுகள்தான். கடைந்து முடித்த சாடியைப் பார்த்து ஆட்கள் வாய்பிளப்பது அந்தக் கண்களைப் பார்த்துத்தான். அதனால் சாடியின் தோள், முண்டின் வெளிப்புற உருண்டையைத் தொடர்ந்து போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். உருண்டையின் உச்சியில் வாய், அறுத்த தட்டைப் பக்கத்தில் அடி. உயரமான, இடை மெலிந்த சாடியை மறந்துவிடுங்கள். அகன்ற தோளும் குறுகிய அடியும் உள்ள குட வடிவம்தான் இந்தக் கட்டைக்குப் பொருந்தும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. தட்டைப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நேரான அடிமரம். ஃபேஸ்பிளேட் (கட்டையை லேத்தில் மாட்டும் இரும்புத் தட்டு) ஸ்குரூ அதில் நன்றாகப் பிடிக்கும். மரத்தின் நட்டநடுப் புள்ளி அந்தப் பக்கத்தில் வந்திருந்தால் மட்டும் அதைத் தாண்டி அறுத்துத் தள்ளிவிடுங்கள். நடு இருந்தால் வெடிப்பு நிச்சயம்.

14 அங்குல விட்டமும் 16 அங்குல உயரமும் வைத்துக்கொண்டால் பச்சைக் கட்டை ஏறக்குறைய 40 கிலோ வரும். தூக்கி மாட்ட இன்னொரு ஆள் வேண்டும். லேத்தின் அடியில் மணல் மூட்டை அடுக்குங்கள், அல்லது தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃபேஸ்பிளேட் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எல்லாத் துளையிலும் ஒன்றரை அங்குலம் உள்ளே இறங்கும் தடித்த மர ஸ்குரூ போடுங்கள். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்குரூ வேண்டவே வேண்டாம். அது வளையாது, பட்டென்று முறியும். வெளிப்பக்கம் கடைந்து முடியும்வரை டெயில்ஸ்டாக் (லேத்தின் மறுமுனையில் கட்டையைத் தாங்கும் பகுதி) முட்டுக் கொடுத்தபடியே இருக்கட்டும்.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வர வேண்டும். உங்கள் கட்டைக்கு 430 முதல் 640 சுற்று. அதுவும் உருண்டை சமமான பிறகுதான். ஆரம்பத்தில் 200ஐத் தாண்டாதீர்கள். கட்டில் கால் கடையும் பழக்கத்தில் 1500 சுற்றில் ஓடவிட்டால், கட்டையின் விளிம்பு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். பட்டை பொதிந்த துண்டு ஒன்று அந்த வேகத்தில் பிய்ந்து வந்தால் கண்ணாடி மட்டும் காப்பாற்றாது. முழுமுகக் கவசம் போடுங்கள். ஸ்விட்ச் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கையுறை, தொளதொள சட்டை, தோளில் துண்டு எதுவும் கூடாது. வேம்புத் தூள் தொண்டையை அரிக்கும், ஆகவே என்95 முகமூடியும் அவசியம்.

ஒரே மூச்சில் முடிக்க ஆசைப்படாதீர்கள். இந்த அளவுக்கு இரண்டு கட்டமாகக் கடைவதுதான் சரி. முதல் கட்டத்தில் வெளி வடிவத்தைத் தோராயமாக எடுத்து, உள்ளே குடைந்து, சுவர் கனத்தை விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக நிறுத்துங்கள். உங்களுக்கு ஒன்றரை அங்குலம் வரும். அடியில் கூடுதலாக 2 அங்குலம் கழிவு விடுங்கள். காய்ந்தபின் சாடி கோணும், அதை மறுபடி பிடித்து நேராக்க அந்தக் கழிவு தேவைப்படும். வாயைக் குறைந்தது 3 அங்குலம் திறந்து வையுங்கள், உள்ளேயும் ஈரம் போக வேண்டுமல்லவா? குறுகிய வாய்தான் அழகு என்று தோன்றினால், கடைசியில் பூவரசிலோ தேக்கிலோ கழுத்து வளையம் தனியாகக் கடைந்து ஒட்டிக்கொள்ளலாம்.

பிறகு வெளிப்புறம் மறுபடி மெழுகு பூசி, காகிதப் பையிலோ அட்டைப் பெட்டியிலோ கடைந்த சீவலோடு சேர்த்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரச் சீவலை அடிக்கடி மாற்றுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்து அடியில் பென்சிலால் எழுதி வாருங்கள். ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கவே ஆரம்பிக்கும், ஆகவே முதலில் எதுவும் நடக்காததுபோல் இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை இறங்காது, ஏறினாலும் ஆச்சரியமில்லை. மழைக்காலம் கழிந்தபின் தொடர்ந்து சில வாரம் எடை மாறாமல் நின்றால் தயார். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் எட் மோல்த்ராப், பிரம்மாண்டமான கிண்ணங்களைப் பச்சை மரத்திலேயே கடைந்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற, தண்ணீரில் கரையும் ரசாயனத்தின் கரைசலில் ஊறவைத்து வெடிப்பைத் தடுத்தார். செல் சுவரில் தண்ணீர் இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்வதால் மரம் சுருங்குவதில்லை. ஆனால் அதன்மேல் எண்ணெயும் வார்னிஷும் சரியாகப் பிடிக்காது. ஒரே ஒரு சாடிக்காக அந்த வழியில் இறங்க வேண்டாம் என்பேன்.

இரண்டாம் கட்டத்தில் முதலில் வெளிப்புறத்தை உருண்டையாக்கி முடியுங்கள். பட்டை பொதிந்த இடங்களைக் கூர்ஊசியால் குத்திப் பாருங்கள். ஆடினால் சுரண்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் நீர்த்த சூப்பர் குளூ ஊற்றுங்கள். உறுதியான பொந்தை அப்படியே விடுவதே எனக்குப் பிடிக்கும், எபாக்ஸி நிரப்பிப் பளபளப்பாக்கினால் மரத்தின் முகம் போய்விடுகிறது. குடையும்முன் வெளிப்புறத்தைப் பிளாஸ்டிக் சுற்றுத்தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். சக்கர முட்டு (சுற்றும் கட்டையைச் சின்னச் சக்கரங்களால் பக்கவாட்டில் தாங்கும் சட்டம்) வைத்துத் தோளைத் தாங்குங்கள். முதலில் டிரில்லால் ஆழத்தைத் துளைத்துவிட்டு, வாயிலிருந்து அடி நோக்கிப் படிப்படியாகக் குடையுங்கள். மேல் சுவரை முடித்தபின்தான் கீழே இறங்க வேண்டும். மெலிந்த சுவருக்குத் திரும்பப் போனால் அது அதிர்ந்து உளியைக் கவ்வும். அடிக்கடி நிறுத்திச் சீவலை வெளியே கொட்டுங்கள். முதல் சாடிக்கு அரை அங்குலச் சுவர் போதும். உளியின் சத்தம் திடீரென்று மாறினால் அந்த நொடியே லேத்தை நிறுத்தி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

உப்புத்தாளை அழுத்தித் தேய்க்காதீர்கள். கண்கள் கடினம், சுற்றியுள்ள மரம் மெது, அழுத்தினால் மேடுபள்ளமாகும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாக நாலைந்து தடவை கொடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயப் போடுங்கள்.

சாடிக்குள் நேரடியாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது. எந்த எண்ணெயும் அந்த நார்முனைகளை முழுசாக அடைக்காது. உள்ளே நிற்கும் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாயோ சின்ன எவர்சில்வர் டம்ளரோ வாங்கி, அதன் விட்டத்தை வைத்தே கழுத்தின் அளவை முடிவு செய்யுங்கள்.