சர்ச் ஸ்கூல் நல்ல ஸ்கூலா என்று கேட்ட தங்கைக்கு

தெற்கு லண்டனில் குராய்டனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். மகன் இயர் 6, அதாவது தொடக்கப் பள்ளியின் கடைசி வருடம், அடுத்த செப்டம்பரில் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். மகள் இயர் 10, இரண்டு பஸ் மாறி வேறொரு பள்ளிக்குப் போய்வருகிறாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே சர்ச் ஆஃப் இங்கிலாந்து அரசுப் பள்ளி ஒன்று, சிக்ஸ்த் ஃபார்மோடு, அதாவது நம் ஊர் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாதிரி ஏ லெவல் படிக்கிற இயர் 12, 13 வகுப்புகளோடு இருக்கிறது. “மகனை இப்போது அங்கே சேர்த்து, மகளையும் ஏ லெவலுக்கு மாற்றிவிட்டால் இருவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். நாங்கள் இந்துக்கள், இடம் கொடுப்பார்களா? மதம் மாற்றிவிடுவார்கள் என்று அம்மா ஊரிலிருந்து பயப்படுகிறார்கள். நல்ல ஸ்கூல்தானா, எப்படித் தெரிந்துகொள்வது அக்கா?” இதுதானே உங்கள் கேள்வி.

அம்மாவின் பயத்திலிருந்து தொடங்குகிறேன். நான் பாளையங்கோட்டையில் மிஷன் ஸ்கூலில் படித்தவள். சம்பளம் அரசு கொடுக்கும், நிர்வாகம் சர்ச்சின் வட்டார அமைப்பான டயோசீஸ் கையில் இருக்கும், வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்போம். இங்கே ‘வாலண்டரி எய்டட்’ என்று சொல்கிற பள்ளிகளும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். நடத்துகிற செலவு அரசுடையது. பள்ளியை மேற்பார்க்கிற கவர்னர்களில் பெரும்பாலானவர்களைச் சர்ச் தரப்பு நியமிக்கும். பல பள்ளிகள் இப்போது அகாடமியாக (உள்ளாட்சியின் கீழ் இல்லாமல் அரசிடம் நேராகப் பணம் பெறும் பள்ளியாக) மாறியிருந்தாலும் மத அடையாளம் அப்படியே தொடர்கிறது. இன்னொன்றும் அம்மாவிடம் சொல்லுங்கள்: இங்கிலாந்தில் மதம் சாராத அரசுப் பள்ளிக்கும் தினசரிக் கூட்டு வழிபாடு சட்டப்படி உண்டு, அதுவும் பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மையில்தான் இருக்க வேண்டும். மகள் படிக்கிற பள்ளிக்கும் இதே சட்டம்தான். மற்ற பள்ளிகளில் பல இதைப் பெரிதாக நடத்துவதில்லை. சர்ச் பள்ளியில் உண்மையாக நடத்துவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மகள் ஏழு வருடம் நெற்றியில் விபூதிக் கீற்றோடு ஒரு சர்ச் பள்ளிக்குப் போனாள். காலையில் ஜெபம், கிறிஸ்துமஸுக்குக் கேரல், ஈஸ்டருக்கு முன் ஒரு ஆராதனை. அங்கிருந்த சாப்ளின் (பள்ளிப் பாதிரியார்) ஒரு நாள் விபூதி என்றால் என்ன என்று அவளிடம் கேட்டு, தீபாவளி வாரத்தில் அசெம்பிளியில் அவளையே பேசச் சொன்னார். வழிபாட்டிலிருந்தும் மத பாடத்திலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. சிக்ஸ்த் ஃபார்முக்கு வந்துவிட்டால் வழிபாட்டிலிருந்து மாணவர்கள் தாங்களே விலகலாம். நான் விலக்கவில்லை. ஆனால் கத்தோலிக்கப் பள்ளி என்றால் மத பாடத்துக்கு மட்டும் வகுப்பு நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போகும், இயர் 11 முடிவில் வருகிற பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இயில் அதைப் பெரும்பாலும் எல்லோருமே எழுத வேண்டியிருக்கும். அதெல்லாம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் முதலிலேயே வேறு பள்ளி பார்ப்பது நல்லது. அத்தனை நேரம் பிள்ளையை லைப்ரரியில் தனியாக உட்கார வைக்கிற நிலை வரக் கூடாது.

நம் ஊரிலிருந்து நாம் கொண்டு வருகிற இன்னொரு நினைப்பு, கிறிஸ்டியன் ஸ்கூல் என்றாலே ஒழுங்கும் நல்ல படிப்பும் தானாக இருக்கும் என்பது. குராய்டனிலேயே கொலோமா கான்வென்ட் என்று கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி இருக்கிறது. பெயரில் கான்வென்ட் என்று இருந்தாலும் கட்டணம் இல்லாத அரசுப் பள்ளி அது. ஒரே டயோசீஸின் கீழ் மிக நல்ல பள்ளியும் இருக்கும், தடுமாறுகிற பள்ளியும் இருக்கும். அதனால் ‘கிறிஸ்டியன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, அந்தக் கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இயர் 7 முதல் 11 வரை ஒன்று, சிக்ஸ்த் ஃபார்ம் இன்னொன்று. மகனுக்கு ஏற்ற இடம் மகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இடம் கிடைக்குமா என்பதற்கு ஒரே ஒரு காகிதம்தான் பதில் சொல்லும்: அந்தப் பள்ளியின் அட்மிஷன் பாலிசி. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால்தான் மதத்தை வைத்து முன்னுரிமை கொடுக்க முடியும். இடம் மீதி இருந்தால் யாரையும் மறுக்க முடியாது. சில சர்ச் ஆஃப் இங்கிலாந்து பள்ளிகள் ஒரு பங்கு இடத்தை மதம் பார்க்காமல் தூரத்தை வைத்தே கொடுக்கின்றன. சில பள்ளிகளில் பிற மதத்தவருக்கென்று தனிப் பிரிவே உண்டு. போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்பதை உள்ளாட்சியான கவுன்சிலின் கையேட்டில் பாருங்கள், நேர்கோட்டில் அளந்தது. இடத்துக்காக ஞாயிறுதோறும் சர்ச்சில் போய் உட்காருங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலும் வருடக்கணக்கில் வந்த பதிவு கேட்பார்கள் என்பது ஒரு பக்கம். நம்பிக்கையோடு வருகிற குடும்பத்தின் இடத்தைப் பொய் சொல்லி எடுப்பது சரியில்லை என்பதே எனக்குப் பெரிய காரணம். உங்கள் அடுத்த வீட்டில் திருநெல்வேலி சிஎஸ்ஐ குடும்பம் இருப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா, அவர்களிடம் சொல்லுங்கள்: தென்னிந்தியத் திருச்சபையும் சர்ச் ஆஃப் இங்கிலாந்து இருக்கிற அதே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது, ஊர் ஆயரின் கடிதத்தோடு இங்குள்ள பாரிஷ் சர்ச்சில் பேசினால் வழி பிறக்கலாம்.

சரி, நல்ல பள்ளியா என்பது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ‘அவுட்ஸ்டாண்டிங் ஸ்கூல்’ என்று ஒரு பட்டத்தைச் சொல்வார்கள். பள்ளிகளை ஆய்வு செய்கிற அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் அந்த ஒற்றைச் சொல் தீர்ப்பை அரசுப் பள்ளிகளுக்கு 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. 2025 நவம்பரிலிருந்து படிப்பு, வருகையும் நடத்தையும், எல்லோரையும் அரவணைப்பது என்று தனித்தனியாக மதிப்பிட்டு ரிப்போர்ட் கார்டு போல வருகிறது. சிக்ஸ்த் ஃபார்ம் இருந்தால் அதற்கும் தனி மதிப்பீடு. பழைய அறிக்கை என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். 2012 முதல் 2020 வரை அவுட்ஸ்டாண்டிங் வாங்கிய பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்வே கிடையாது. என் மகளுக்குப் பள்ளி தேடியபோது நான் நம்பிய அறிக்கை ஏழு வருடம் பழையது. அதற்குள் தலைமை ஆசிரியர் இரண்டு முறை மாறியிருந்தார். சர்ச் பள்ளிக்கு மதத் தரப்பின் ஆய்வும் தனியாக உண்டு. சர்ச் ஆஃப் இங்கிலாந்துக்கு அதன் பெயர் சியாம்ஸ். அதையும் படியுங்கள். பிற மதப் பிள்ளைகள் வழிபாட்டில் எப்படி உணர்கிறார்கள் என்பது சில சமயம் அதில்தான் இருக்கும்.

மதிப்பெண் பார்க்கும்போது எத்தனை பேர் உச்ச மதிப்பான 9 வாங்கினார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். ப்ரோக்ரஸ் 8 என்று ஒரு அளவு இருக்கிறது. இயர் 6ல் இருந்த நிலையிலிருந்து இயர் 11க்குள் பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்பதை அது காட்டும், பூஜ்யம் என்றால் நாட்டின் சராசரி. கோவிடால் 2020லும் 2021லும் இயர் 6 தேர்வு நடக்கவில்லை, அதனால் 2025க்கும் 2026க்கும் இந்தக் கணக்கே கிடையாது. 2024ஐயும் அதற்கு முந்தைய வருடங்களையும் பாருங்கள். கூடவே, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான இலவச மதிய உணவு பெறுகிற பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்று சுற்றியுள்ள பள்ளிகளோடு ஒப்பிடுங்கள். மதத்தை வைத்துச் சேர்க்கும் சில பள்ளிகளில் அது அக்கம்பக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். வசதியான பிள்ளைகள் வந்ததால் வந்த மார்க் எது, பள்ளி சொல்லிக் கொடுத்ததால் வந்தது எது என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.

இதெல்லாம் ஒரு மாலையில் கணினியில் முடிந்துவிடும். நேரில் போவதுதான் பெரிய வேலை. ஓப்பன் ஈவனிங் அன்று எல்லாப் பள்ளியும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். லேபில் தீப்பிழம்பு காட்டுவார்கள், பாண்டு வாசிப்பார்கள், பொறுக்கியெடுத்த பிள்ளைகள் அழைத்துப் போவார்கள். அதற்குப் போங்கள். ஆனால் வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கு ஒரு சுற்று கேட்டு வாங்குங்கள். பீரியட் மாறும்போது காரிடாரில் நில்லுங்கள். பெரிய பையன்கள் சின்னப் பிள்ளைகளை இடித்துத் தள்ளுகிறார்களா, டீச்சர் வாசலில் நிற்கிறாரா, கத்துகிறாரா, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா. பாத்ரூமைப் பாருங்கள், பாட நேரத்தில் பூட்டி வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். என் மகள் முதல் வருடம் முழுக்கப் பள்ளியில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். காரணம் எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று. கூட வருகிற பிள்ளையிடம், “மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவாய்?” என்று கேளுங்கள். சட்டென்று ஒரு ஆளின் பெயர் வந்தால் நல்ல அறிகுறி. யோசித்துவிட்டு, “ஒரு படிவம் இருக்கிறது” என்றால் கவனிக்க வேண்டும். திறமையை வைத்து மேல் செட், கீழ் செட் என்று பிரிக்கிற கணக்கு வகுப்பில் நடு செட்டைக் காட்டச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் உட்காரப் போவது அங்கேதான். அந்த வகுப்புக்கு இந்த வருடம் எத்தனை டீச்சர் மாறினார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இனி மகள் விஷயம். ஜிசிஎஸ்இ இரண்டு வருடப் படிப்பு, பள்ளிக்குப் பள்ளி தேர்வு வாரியமும் மாறும். அதனால் இப்போது அவளை நகர்த்தாதீர்கள், இயர் 11 முடியட்டும். சிக்ஸ்த் ஃபார்முக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பள்ளிக்கே நேராக விண்ணப்பிக்க வேண்டும். தம்பி அங்கே படிக்கிறான் என்பதால் இடம் உறுதி என்று எண்ண வேண்டாம், அந்தச் சேர்க்கைக்கும் தனி விதிகள் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் தனி மதிப்பெண் கேட்பார்கள். ஏ லெவல் கணக்குக்கு 7 கேட்கிற இடம் நிறைய.

நம் ஊர் ப்ளஸ் டூ மாதிரி ஆறு பாடம் இல்லை, மூன்றுதான். மருத்துவம் என்றால் கெமிஸ்ட்ரி, பயாலஜி, இன்ஜினியரிங் என்றால் கணக்கு, ஃபிசிக்ஸ். அதனால் பாடப் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதைவிட, அவளுடைய மூன்று பாடங்களும் போன வருடம் உண்மையிலேயே நடந்தனவா, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், யார் எடுத்தார் என்று கேளுங்கள். சின்ன சிக்ஸ்த் ஃபார்மில் ஆள் சேரவில்லை என்றால் ஃபர்தர் மேத்ஸ் என்ற கூடுதல் கணக்குப் பாடத்தை ஆகஸ்டில் ரத்து செய்துவிடுவார்கள். ரைகேட் காலேஜ் போன்ற பெரிய சிக்ஸ்த் ஃபார்ம் காலேஜையும் ஒரு முறை பார்த்து வாருங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான உத்தேச மதிப்பெண்ணை எதை வைத்துப் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். விசாவில் இருக்கிறீர்கள், ஆகவே பல்கலைக்கழகக் கட்டணம் உள்ளூர் கணக்கிலா வெளிநாட்டுக் கணக்கிலா என்று அந்தச் சிக்ஸ்த் ஃபார்மின் ஆலோசகருக்குத் தெரியுமா என்பதையும் சோதித்துவிடுங்கள். நிரந்தர வசிப்புரிமையும் மூன்று வருடக் குடியிருப்பும் இல்லாவிட்டால் தொகை பெரும்பாலும் பல மடங்கு.

அப்புறம் ஒரு விஷயம், இதைச் சொல்லும்போது இன்னும் வயிறு கலங்குகிறது. என் மகள் இயர் 12 மாதிரித் தேர்வில் ஃபிசிக்ஸில் குறைவாக வாங்கினாள். “இந்த இடம் அவளுக்குச் சரிவராது, வேறு எங்காவது பாருங்கள்” என்று பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்து இரண்டு நாள் அழுதோம். 2017லேயே பக்கத்தில் ஆர்ப்பிங்டனில் செயின்ட் ஒலேவ்ஸ் என்ற, நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிற சர்ச் ஆஃப் இங்கிலாந்து கிராமர் பள்ளியில் இதே பிரச்சினை வந்து, பெற்றோர் சட்டப்படி எதிர்த்து, பள்ளி அந்த விதியைக் கைவிட்டது எனக்கு அப்போது தெரியாது. ஒருமுறை சேர்த்துக்கொண்டபின், மார்க் குறைவு என்பதற்காக மட்டும் சிக்ஸ்த் ஃபார்மிலிருந்து அனுப்ப முடியாது. தெரிந்த பிறகு எழுத்தில் கேட்டோம். அவள் அங்கேயே முடித்தாள், இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அதனால் அந்தப் பள்ளியில் இயர் 12ல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இயர் 13ஐ முடித்தார்கள் என்று கட்டாயம் பாருங்கள். அரசின் பள்ளி ஒப்பீட்டுத் தளத்திலேயே இருக்கிறது. ஏ லெவல் மார்க் வானளவு இருந்து, இந்த எண் குறைந்திருந்தால், நடுவில் போனவர்கள் எங்கே போனார்கள் என்று சிக்ஸ்த் ஃபார்ம் தலைவரிடமே கேளுங்கள்.

மகனுக்கு அக்டோபர் 31 கடைசி நாள், முடிவு மார்ச் 1. விண்ணப்பம் கவுன்சில் வழியாகப் போகும், லண்டனில் ஆறு பள்ளி வரை எழுதலாம். எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியாது, ஆகவே உண்மையிலேயே பிடித்த வரிசையில் போடுங்கள். நிச்சயம் கிடைக்கக்கூடிய ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். மதப் பிரிவில் கேட்பதானால் பள்ளியின் துணைப் படிவத்தைத் தனியாக நிரப்பிப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும். கவுன்சில் அதை அனுப்பாது. இந்த வாரம் பள்ளி முடிகிற நேரத்தில் அந்தத் தெரு பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வியாழன் எனக்கு விடுமுறை, சொன்னால் நானும் வருகிறேன்.