எனக்கு 32 பல்லுதானே, சீட்டுல 36-ன்னு எழுதியிருக்காரே?

கேள்வி: பல் டாக்டர் சீட்டுல "36 ஆர்சிடி + கிரவுன், 48 இம்பாக்டட், ஸ்கேலிங்"னு எழுதி குடுத்தாரு, ஒண்ணும் புரியல. மாத்திரை போட்டதுல வலி சுத்தமா நின்னுடுச்சு. இனிமேலும் இதெல்லாம் பண்ணித்தான் ஆகணுமா?

பதில்: 36-ங்கறத முப்பத்தாறுன்னு படிக்காதீங்க, மூணு-ஆறுன்னு படிங்க. வாயை நாலு பாகமா பிரிச்சு உங்க வலது மேல்பக்கம் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4-ன்னு வெச்சுக்குவோம், ரெண்டாவது நம்பர் முன்பல்லு நடுவுலேந்து எத்தனாவது பல்லுங்கறது. அப்போ 36 உங்க இடது கீழ் பக்கத்துல ஆறாவது, அதாவது முதல் கடவாய்ப்பல். இது ஆறு வயசு வாக்குலயே முளைச்சுடும், பால் பல்லுதானே விழுந்துடும்னு வீட்ல விட்டுடுவாங்க, அதான் சீக்கிரமா சொத்தை ஆகறதும் இதுதான்.

வலி நின்னதுதான் எனக்கு கவலையா இருக்கு. சொத்தை மேலாப்புல இருக்கறப்போ ஜில்லுனு பட்டா சுருக்குனு இருக்கும், ரெண்டு மூணு செகண்ட்ல போயிடும், அதுக்கு ஃபில்லிங் போதும். அதே கூச்சம் நிமிஷக்கணக்கா நின்னாலோ ராத்திரி தானா எழுப்பி விட்டாலோ, பல்லுக்குள்ள நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கற சதை (பல்ப்னு சொல்றது) தேறாதுன்னு பெரும்பாலும் அர்த்தம். அப்புறம் ஒருநாள் திடீர்னு வலியே இருக்காது, ஏன்னா அது செத்துப்போயிருக்கும். வலி மாத்திரை கொஞ்ச நேரம் அமுக்கி வெக்கும் அவ்ளோதான். ஆன்டிபயாடிக்கும் செத்த பல்ப்புக்குள்ள போய் சேராது, ரத்த ஓட்டமே இல்லையே! கிருமி உள்ளயே இருந்து வேர் நுனியில சீழ் கட்டும். கன்னம் வீங்கி காய்ச்சல் வந்தா, வாய் தொறக்கவோ முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

ஆர்சிடின்னா ரூட் கெனால் ட்ரீட்மென்ட். வேரையே புடுங்கறாங்கன்னு சிலர் பயப்படறாங்க, அப்படி இல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, பல்லு மேல சின்னதா ஓட்டை போட்டு, ஊசி மாதிரி மெல்லிசா இருக்கற ஃபைல் விட்டு உள்ள இருக்கறத வழிச்சு எடுத்து, மருந்து விட்டு கழுவி, கட்டாபெர்ச்சான்னு ரப்பர் மாதிரி ஒண்ணை வெச்சு அடைச்சுடுவாங்க. இந்த பல்லுல பெரும்பாலும் மூணு கெனால், சிலருக்கு நாலு, அதான் நேரம் இழுக்குது. பல்லும் வேரும் அப்படியே இருக்கும்.

கிரவுன்ங்கறது நீங்க கேப்னு சொல்றதுதான். நிறைய பேர் ஆர்சிடி முடிஞ்சு வலி போனதும் கேப் அப்புறம் பாத்துக்கலாம்னு போயிடறாங்க, அது வேண்டாம். சொத்தையிலயும் ட்ரீட்மென்ட்லயும் கொடஞ்சு எடுத்த கடவாய்ப்பல்லு மெல்லற அழுத்தத்துல பிளந்துடும், வேர் வரைக்கும் பிளந்துட்டா புடுங்கறது தவிர வழியில்ல.

48 வலது கீழ் விஸ்டம் டூத், அதாவது கடைசி கடவாய்ப்பல். இம்பாக்டட்னா இடமில்லாம எலும்புக்குள்ளயோ ஈறுக்குள்ளயோ மாட்டிக்கிட்டு இருக்கு, பக்கத்து பல்லு மேல சாஞ்சும் இருக்கலாம். சீட்டுல எழுதினதாலயே எடுக்கணும்னு இல்லீங்க. ஈறு அடிக்கடி வீங்குது, முன்னாடி இருக்கற 47 சொத்தையாகுதுன்னா எடுத்துடலாம், இல்லன்னா எக்ஸ்ரேல கவனிச்சுட்டே வரலாம். எடுக்கறதா முடிவு பண்ணா ஓபிஜி, அதாவது முழு தாடை எக்ஸ்ரே பாத்தாங்களான்னு கேளுங்க, கீழ் தாடையில ஓடற நரம்பு கிட்டத்துல இருந்தா உதடு மரத்துப்போற வாய்ப்பு உண்டு.

ஸ்கேலிங்னா பல்லுல கெட்டியா படிஞ்சிருக்கற அழுக்கை, அதாவது காரையை, எடுக்கறது மட்டும்தான். அதனால பல்லு ஆடாது, காரை அடைச்சிருந்த இடம் காலியானதால சந்து விழுந்த மாதிரி தோணும், கூச்சமும் சில நாள்ல சரியாயிடும்.

முதல்ல 36-க்கு தேதி வாங்கிடுங்க, மத்த ரெண்டும் கொஞ்சம் பொறுக்கும்.